சர்ச் கதவைத் தட்டுவது எப்படி: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்தில் எந்த ஊரில் வீடு எடுத்தாலும் பக்கத்தில் ஒரு சர்ச் இருக்கும். இங்கிலாந்துத் திருச்சபைக்கு (சர்ச் ஆஃப் இங்கிலாந்து) மட்டுமே சுமார் 16,000 ஆலயங்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், கத்தோலிக்க ஆலயங்கள் தனி. நம்மில் பலர் அந்தக் கட்டடத்தை மாதக்கணக்கில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். இந்துவோ முஸ்லிமோ என்றால், அங்கே நமக்கு என்ன வேலை என்று நினைப்பு. கிறிஸ்தவர் என்றாலும், நம் சபை இது இல்லையே என்று தயக்கம். ஆனால் கைக்குழந்தையோடு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற தாய்க்கும், முதல் சம்பளம் வருவதற்குள் காசு தீர்ந்துபோனவருக்கும், தமிழ் வகுப்பு நடத்த இடம் தேடி அலைகிற பெற்றோருக்கும் ஆகப் பக்கத்தில் இருக்கிற கதவு பெரும்பாலும் அதுதான். அதைத் தட்டும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

அக்கம்பக்கத்தாருக்கு உதவி செய்வது தங்கள் விசுவாசத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிற செயின்ட் மார்ட்டின் ஆலயத்தை, முதல் உலகப் போரின்போது பிரான்ஸுக்குப் போகிற சிப்பாய்கள் படுத்து எழுந்து போகத் திறந்துவிட்டார் அன்றைய குரு டிக் ஷெப்பர்ட். வீடில்லாதவர்களுக்கான பணி அங்கே இன்றும் நடக்கிறது. 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்த இரவில், விடியும் முன்பே பக்கத்தில் இருந்த செயின்ட் கிளெமென்ட்ஸ் ஆலயத்தின் கதவுகள் திறந்துவிட்டன. கட்டிய துணியோடு தப்பி வந்தவர்கள் முதலில் உட்கார்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் நிறைய. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், மசூதிக்குள் இடம் போதாமல் தெருக்குளிரில் தொழுதவர்களுக்கு, பக்கத்தில் இருந்த செயின்ட் ஜான்ஸ் ஆலயம் 2013-ல் தன் கட்டடத்திலேயே இடம் கொடுத்தது. அப்போது அங்கே குருவாக இருந்த ஐசக் பூபாலன் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்.

இன்னொரு காரணம் பணம். அதை அவர்களே மறைக்க மாட்டார்கள். இங்கே ஆலயத்துக்கென்று வரி கிடையாது, குருவுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பதும் இல்லை. நாட்டில் முதல் தரப் பாதுகாப்பில் இருக்கிற புராதனக் கட்டடங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்கள்தான். கூரை ஒழுகினாலும் ஹீட்டர் போட்டாலும் செலவு அந்த ஊர்ச் சபையின் தலையில்தான் விழும். ஞாயிறு ஆராதனைக்கு வருவதோ பல இடங்களில் ஐம்பது அறுபது பேர். ஆக, நீங்கள் கொடுக்கிற ஹால் வாடகை அவர்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிறது. இரண்டு பக்கமும் பயன் உண்டு, கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதம் மாறச் சொல்வார்களோ என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஜெபிக்கட்டுமா என்று சிலர் கேட்பார்கள். "வேண்டாம், நன்றி" என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். உதவிக்குப் பதிலாக ஞானஸ்நானமோ ஞாயிறு வருகையோ எதிர்பார்க்கிற இடம் என்றால் அது சரியான இடம் இல்லை. எழுந்து வந்துவிடுங்கள், வேறு இடம் இருக்கும்.

முதலில் அறிவிப்புப் பலகை

இணையத்தில் 'எ சர்ச் நியர் யூ' என்ற தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால், உங்கள் வீடு எந்தத் திருச்சபை வட்டாரத்தில் (பாரிஷ்) வருகிறது, பக்கத்தில் என்னென்ன ஆலயங்கள் என்று காட்டும். இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும்தான் அது. ஆனாலும் நான் சொல்வது, ஒரு சனிக்கிழமை நடந்தே போய்ப் பாருங்கள். வெப்சைட்டில் மூன்று வருடம் பழைய தகவல் இருக்கும், வாசல் பலகையில் இந்த வாரத்தது இருக்கும்.

பலகையில் நான்கு விஷயம் தேடுங்கள். குழந்தைகள் குழு எந்த நாள், ஃபுட் பேங்க் (இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கிற இடம்) எப்போது, ஹால் புக்கிங்குக்கு யாருடைய எண், குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார். கடைசியில் சொன்னவரின் பெயர் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தால் அந்த இடம் ஒழுங்காக நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

பலகையில் 'வார்ம் வெல்கம்' என்றோ 'வார்ம் ஸ்பேஸ்' என்றோ பார்த்தால், குளிர்காலத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சூடாக உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று பொருள். 2022-ல் மின்சார, கேஸ் கட்டணம் எகிறியபோது நாடெங்கும் பரவியது இது. லேப்டாப்போடு போய் வேலை தேடலாம், பிள்ளைகளை வீட்டுப்பாடம் செய்ய வைக்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள்.

யாரிடம் பேசுவது?

நம் ஊர்ப் பழக்கத்தில் நேராக ஆயரிடம்தான் போவோம். இங்கே விகார், அதாவது ஆலயத்தின் குரு, பல இடங்களில் மூன்று நான்கு ஆலயங்களுக்குச் சேர்த்து ஒருவராக இருப்பார். அவருக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வாரங்கள் ஓடும். ஹால் விஷயத்துக்கு புக்கிங் செக்ரட்டரி, கட்டட விஷயத்துக்கு சர்ச் வார்டன், உணவு விஷயத்துக்கு ஃபுட் பேங்க் ஒருங்கிணைப்பாளர் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. முடிவெடுப்பது பி.சி.சி. என்கிற சபைக் குழு. அது வருடத்தில் சில தடவைதான் கூடும் என்பதால், பெரிய கோரிக்கை ஏதாவது இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விகாரை எப்படிக் கூப்பிடுவது என்று பலர் திணறுகிறார்கள். பெண் குருக்கள் 1994 முதல் இருக்கிறார்கள், ஆகவே எல்லோரையும் 'ஃபாதர்' என்று கூப்பிட முடியாது. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு வராதுதான், பழகிவிடும்.

குழந்தைகள் குழு

சின்னக் குழந்தை இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். வாரநாள் காலையில் இரண்டு மணி நேரம். ஒன்றிரண்டு பவுண்டு கட்டணம், சில இடத்தில் அதுவும் இல்லை. தரையில் பாய் விரித்துப் பொம்மைகள் கொட்டியிருக்கும். ஓரத்தில் பெரியவர்களுக்கு டீயும் டோஸ்ட்டும். பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போகிற இடம் இல்லை. முதல் வாரம் யாரும் பேசாவிட்டால் மனம் தளர வேண்டாம். கப் கழுவுகிற இடத்தில் போய் நில்லுங்கள், பேச்சு அங்கேதான் தொடங்கும். நல்ல ஜி.பி. (குடும்ப டாக்டர்) யார், எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், எந்தக் கடையில் பழைய ஸ்கூல் யூனிஃபார்ம் விற்கிறார்கள் என்பதெல்லாம் இங்கேதான் காதில் விழும். ஆங்கிலம் பேசிப் பழகுகிற டீக்கூட்டங்களும் பல ஆலயங்களில் உண்டு. இலக்கண வகுப்பு இல்லை, வெறும் பேச்சுதான்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமான வாரம் வந்தால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பட்டினி கிடப்பார்கள், ஃபுட் பேங்க் வாசலை மிதிக்க மாட்டார்கள். ஊரில் நாலு பேருக்குச் சோறு போட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு இங்கே கைநீட்டுவதா என்ற எண்ணம் நெஞ்சை அடைக்கும். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளை பசியோடு பள்ளிக்குப் போவதைவிட அது பெரிதில்லை. அங்கே வருகிறவர்களில் வேலையில் இருப்பவர்களும் நிறையப் பேர்.

ட்ரஸல் என்கிற அமைப்பு 1997-ல் தொடங்கியது. அதன் முதல் ஃபுட் பேங்க் 2000-ல் சாலிஸ்பரியில் ஒரு வீட்டின் தோட்டக் கொட்டகையிலும் கராஜிலும் ஆரம்பித்தது. இன்று நாடெங்கும் ஆலயங்களின் ஹாலில்தான் அவை பெரும்பாலும் நடக்கின்றன. அங்கே நேராகப் போய் வாங்க முடியாது, முதலில் வவுச்சர் வேண்டும். அதைக் கொடுப்பவர்கள் ஜி.பி., பிள்ளையின் பள்ளி, ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைகளைப் பார்க்க வருகிற நர்ஸ்), சிட்டிஸன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை மையம்) போன்றவர்கள். பள்ளி அலுவலகத்தில் கேட்பதுதான் பலருக்கு எளிது. "இந்த வாரம் வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஃபுட் பேங்க் வவுச்சர் கிடைக்குமா?" இவ்வளவு சொன்னால் போதும். எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன, சாப்பிடக்கூடாதது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். சில இடங்களில் தாள் கொடுப்பார்கள், சில இடங்களில் போனுக்கு ஒரு எண் வரும்.

போனால் முதலில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். பிறகு மூன்று நாளைக்கான பொருள்கள் கிடைக்கும். பீன்ஸ் டின், பாஸ்தா, சீரியல், நீண்ட நாள் கெடாத பால், டீ, பிஸ்கட் என்று இருக்கும். சைவம் என்றால் சொல்லுங்கள், ஹலால் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். அரிசியும் பருப்பும் இருக்கிறதா என்று தாராளமாகக் கேட்கலாம், பல இடங்களில் இருக்கும். வீட்டில் அடுப்பில்லை, கெட்டில் மட்டும்தான் என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிற மாதிரியான பெட்டி தனியாகக் கட்டித் தருவார்கள். நாப்கின், டயப்பர், சோப்பு எல்லாம் கேட்டால்தான் சில இடங்களில் எடுத்து வருவார்கள்.

விசா பயம் பலரைத் தடுக்கிறது. 'பொது நிதி பெறக் கூடாது' என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தாலும், ஃபுட் பேங்க் உணவு அந்தப் பொது நிதிக் கணக்கில் வராது. தைரியமாகப் போங்கள்.

ட்ரஸல் சாராத தனி ஃபுட் பேங்குகளும் உண்டு, சில இடங்களில் வவுச்சரே கேட்பதில்லை. பேன்ட்ரி என்று இருந்தால் அது வேறு முறை. உறுப்பினராகி வாரம் சில பவுண்டு கொடுத்து, வேண்டியதை நீங்களே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு இதுவே வசதி. கடன் கழுத்தை நெரித்தால், 1996-ல் பிராட்ஃபோர்டில் தொடங்கிய 'கிறிஸ்டியன்ஸ் அகெயின்ஸ்ட் பாவர்ட்டி' என்ற அமைப்பு பல ஆலயங்கள் வழியாக இலவசமாக உதவுகிறது. எந்த மதத்தவருக்கும் செய்கிறார்கள். தெருவில் யாராவது படுத்திருப்பதைக் கண்டால் 'ஸ்ட்ரீட்லிங்க்' தளத்தில் இடத்தைக் குறிப்பிட்டுத் தெரிவியுங்கள். குளிர்காலத்தில் ஏழு ஆலயங்கள் ஆளுக்கொரு இரவாகப் படுக்க இடம் கொடுக்கிற ஏற்பாடு சில ஊர்களில் உண்டு. அதற்கும் பரிந்துரை வேண்டும்.

ஹாலை வாடகைக்கு எடுப்பது

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, தமிழ் வகுப்பு, பரதநாட்டிய வகுப்பு, பேட்மின்டன், ஊர்ச்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சர்ச் ஹால் கிடைக்கும். வாடகை மணிக்கணக்கில். இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். வாராவாரம் வருகிற குழுவுக்குக் குறைப்பார்கள், கேளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். நீங்கள் எடுக்கிற நேரத்திலேயே அலங்காரம் செய்வதும் கூட்டிப் பெருக்கி முடிப்பதும் அடங்கும். மாலை ஆறு முதல் பத்து வரை எடுத்துவிட்டு ஐந்து மணிக்கே பலூன் கட்டப் போனால் உள்ளே யோகா வகுப்பு நடந்துகொண்டிருக்கும். பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்குக் கதவு பூட்ட வேண்டும். நம் விழாக்களில் ஒன்பதரைக்குத்தான் சாப்பாடே பரிமாறத் தொடங்குவோம். ஆகவே அழைப்பிதழில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போடுங்கள், அல்லது கூடுதல் நேரம் எடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: எத்தனை பேருக்கு அனுமதி, சமையலறையில் சமைக்கலாமா அல்லது சூடாக்க மட்டுமா, முன்பணம் எப்போது திரும்பி வரும், கார் எங்கே நிறுத்துவது, ஸ்பீக்கர் எத்தனை மணி வரை. மெதடிஸ்ட் கட்டடங்களில் பொதுவாக மது கூடாது. மற்ற இடங்களில் மது விற்பதாக இருந்தால் கவுன்சிலுக்கு 'டெம்ப்ரரி ஈவென்ட் நோட்டீஸ்' கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, குறைந்தது பத்து வேலைநாள் முன்னதாக, ஆட்கள் 499-க்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் குதித்து விளையாடக் காற்றடைத்த துள்ளல் கூடாரம் (பவுன்ஸி காஸில்) வைத்தால் அதைக் கொண்டு வருகிற கம்பெனியின் காப்பீட்டுத் தாளைக் கேட்பார்கள்.

வாராந்தர வகுப்பு என்றால் உங்கள் குழுவுக்கே பொதுப் பொறுப்புக் காப்பீடு வேண்டும் என்பார்கள். குழந்தைகள் வருகிற வகுப்பாக இருந்தால் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் கேட்பார்கள், கற்பிப்பவர்களுக்கு டி.பி.எஸ். என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் கேட்பார்கள். "நம் பிள்ளைகள்தானே, நமக்குள் எதற்கு?" என்று இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இது நம் பிள்ளைகளின் நன்மைக்கே. கொள்கை கைவசம் இல்லை என்றால் ஆலயத்தின் கொள்கையையே ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம்.

விளக்கு, எண்ணெய், மஞ்சள்

நமக்கும் ஹால்காரர்களுக்கும் மனஸ்தாபம் வருகிற இடங்கள் இவை. எல்லாமே முன்கூட்டிச் சொன்னால் தீர்ந்துவிடும்.

விழா என்றால் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்க மாட்டோம். திறந்த தீ என்றதும் காப்பீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வார்டன் பயப்படுவார். புக்கிங் செய்யும்போதே விளக்கின் படத்தைக் காட்டுங்கள். பெரிய தட்டில் மணல் கொட்டி அதன் மேல் வைப்போம், ஒருவர் பக்கத்திலேயே நிற்பார், பக்கத்தில் தீயணைப்புப் போர்வை இருக்கும் என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் பேட்டரி விளக்குதான். கற்பூரமும் சாம்பிராணியும் புகை அலாரத்தைக் கிளப்பிவிடும், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. விளக்கு ஏற்றுவது ஒன்று, முழுப் பூஜை நடத்துவது வேறு. வேறு மத வழிபாட்டுக்குப் பல ஆலயங்களில் அனுமதி கிடையாது. ஒளித்துச் செய்யாமல் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

வடை பொரிப்பதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஹால் அடுப்பில் கடாய் வைத்தால் வாசனை திரைச்சீலையில் ஏறி, அடுத்த நாள் காலை குழந்தைகள் குழு வரைக்கும் இருக்கும். மிஞ்சிய எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். சாம்பார் சிந்தினால் உடனே துடையுங்கள், மரத்தரையில் மஞ்சள் கறை போகாது. சமையலறை அலமாரிகளில் ஒவ்வொரு குழுவின் பெயரும் ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு அடுத்தவர்களுடைய டீத்தூளை எடுக்க வேண்டாம். சின்ன விஷயம்தான், ஆனால் சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கடைசியாகப் பூட்டுகிறவர் ஒருவர் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஹீட்டர், கழிவறை ஜன்னல், அவசர வழிக் கதவு, அலாரம் நான்கையும் அவரே பார்க்கட்டும். நாற்காலிகளை முன்பு இருந்தபடியே அடுக்குங்கள், குப்பையை வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்கிற ஹால்களும் உண்டு. கிளம்பும் முன் போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டால் முன்பணம் பற்றிய பேச்சே வராது.

தமிழ்ச் சபை நடத்த இடம் வேண்டுமானால்

ஞாயிறு காலை அவர்களுடையது. பிற்பகல் கிடைக்கும். பெரிய சபைப் பிரிவுகள் ஒரே கட்டடத்தை நிரந்தரமாகப் பகிர்ந்துகொள்ள 1969-ல் ஒரு சட்டமே வந்தது. சின்னச் சுயாதீன சபைகளுக்கு வாடகை அனுமதி ஒப்பந்தம்தான் நடைமுறை. டிரம்ஸ், ஸ்பீக்கர் வைக்க இடம், முழு இரவு ஜெபம் நடத்தலாமா, பக்கத்து வீட்டாரின் தூக்கம், மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஆலயத்துக்குள் பெஞ்சை நகர்த்தவோ சுவரில் திரை மாட்டவோ வார்டன் தலையாட்டினால் மட்டும் போதாது. பல மாற்றங்களுக்கு மறைமாவட்டத்தின் அனுமதி தேவைப்படும். வருடத்துக்கு இரண்டு முறையாவது இரு சபையும் சேர்ந்து சாப்பிடுங்கள். வாடகைக்காரராக மட்டும் இருக்கிற சபைதான் கட்டணம் ஏறும்போது முதலில் இடத்தை இழக்கும்.

நீங்களும் கை கொடுக்க

ஃபுட் பேங்குக்குக் கொடுப்பதென்றால் முதலில் அவர்களுடைய இந்த வாரப் பட்டியலைப் பாருங்கள். பீன்ஸும் பாஸ்தாவும் பல இடங்களில் குவிந்து கிடக்கும், எண்ணெயும் டின் பழமும் சலவைத்தூளும் இருக்காது. பத்துக் கிலோ அரிசி மூட்டையைவிட ஒரு கிலோ பாக்கெட் பத்து மேல், அப்படியே பெட்டிக்குள் வைக்கலாம். திறந்த பாக்கெட்டும் வீட்டில் போட்ட ஊறுகாயும் எடுக்க மாட்டார்கள்.

நேரம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால், வாசலில் தயங்கி நிற்கிற ஒரு அம்மா உள்ளே வந்துவிடுவார். தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர்களும் தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் தொண்டு செய்யலாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் பல்கலைக்கழக ஆலோசனை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள். டி.பி.எஸ்.ஸுக்கு ஐந்து வருட முகவரிகள் வேண்டும், ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்கக்கூடும். தொண்டருக்கு அரசுக் கட்டணம் இல்லை. சில மாதம் ஒழுங்காக வந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒருங்கிணைப்பாளரே ரெஃபரன்ஸ் கொடுப்பார். இந்த நாட்டில் யாரையும் தெரியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வேலை தேடியவர்களுக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையில் ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் வட்டாரவாசிகள் கூட்டம் நடத்தி சர்ச் வார்டன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் குடியிருந்து, உள்ளூராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் அதில் வாக்களிக்கலாம். என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளராகப் பதியலாம். கவுன்சில் பட்டியலில் பெயரைச் சேருங்கள், ஏப்ரல் தொடங்கியதும் பலகையில் தேதியைப் பாருங்கள். உங்களுக்கு ஹால் சாவி கொடுக்கிறவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும்.